மூச்சும் பேச்சும்

எழுத்துக்களின் பிறப்பை மாணவர்க்குக் கற்பிக்கும்போது ஆசிரியன் தன் கையை நெஞ்சிலும் மிடற்றிலும் வைத்துக் காட்டுவது எங்கள் கல்லூரியில் நெடுநாளைய வழக்கம். உந்தியிலிருந்து எழுகின்ற காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிலால் வேறு வேறு ஒலிகளாகப் பிறக்கின்றது என்பது தொல்காப்பியர் பிறப்பியலிற் காட்டிய முறை. இதனை இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வந்தவன் நான். மூச்சு உள்ளவனுக்குப் பேச்சும் உண்டு என்பதை ஆராயாமலே நம்பியிருந்தேன். 2018ஆம் ஆண்டில் முப்பத்து நான்கு நாட்கள் மூச்சு இருந்தும் பேச்சு இன்றிக் கிடந்தேன். அந்த மூச்சும் என்னுடையதன்று. கட்டிலருகே நின்ற ஓர் இயந்திரம் தந்தது.

நோய் மாறி வீடு வந்தபின் என்னைக் காண வந்தவர்கள் கைகால்களைப் பற்றி விசாரித்தார்கள். உணவைப் பற்றி விசாரித்தார்கள். அந்த நாட்களில் மனம் எவ்வாறிருந்தது என்று கேட்டவர் இரண்டொருவரே. அவர்களுக்கும் நான் மழுப்பியே விடையிறுத்தேன். காரணம், அம்மனம் செய்தவற்றுட் சில எனக்கு நாணந் தருவன. பின்னர், என் மாணவன் ஒருவனின் தந்தையார் இதே நிலையிற் கிடந்து மீண்டபோது, "அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது போலும், ஐயா" என்று அவன் கண்கலங்கிச் சொன்னான். அன்றுதான் இதனை எழுதவேண்டுமென்று துணிந்தேன்.

நோய் வந்த வகை

ஆவணி மாதத்தில் நான்கு நாட்கள் வயிற்றோட்டம் இருந்தது. அது நின்று பத்து நாட்களின் பின் இரு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோன்ற விறைப்புத் தோன்றியது. மறுநாள் படியேற முடியவில்லை. மூன்றாம் நாள் வெண்கட்டியைப் பிடிக்க விரல்கள் மறுத்தன. தலைநகரத்து வைத்தியசாலை ஒன்றிற்குக் கொண்டுசென்றார்கள். கியான் பாரே நோய் என்றார் வைத்திய நிபுணர். 1916ஆம் ஆண்டில், முதலாம் உலகப் போர்க் காலத்தில், கியான், பாரே, ஸ்ட்ரோல் என்னும் பிரெஞ்சு வைத்தியர் மூவர் படைவீரர் இருவரிடத்துக் கண்டு விவரித்த நோய் அது. கிருமியை எதிர்ப்பதற்கென உடல் திரட்டிய படை, தன் நரம்புகளையே பகையென மயங்கித் தாக்குவதால் வருவது. காலிற் தொடங்கி மேலேறும். மார்பின் தசைகளை எட்டினால் மூச்சு நிற்கும். ஆனால் அறிவை அது தொடுவதில்லை. கண், காது, நினைவு யாவும் விழித்திருக்க, உடல் மாத்திரம் கல்லாகும். ஐந்தாம் நாள் இரவு எனக்கும் மூச்சு முட்டியது. மயக்க மருந்து கொடுத்து, வாய்வழியே குழாயைச் செலுத்தி, அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே சுவாசக் கருவியோடு பொருத்தினார்கள்.

இங்கே ஒரு நுட்பம் அறியத்தக்கது. நாம் இயல்பாக மூச்சு வாங்கும்போது மார்பு விரிகின்றது; உள்ளே அழுத்தம் குறைகின்றது; காற்றுத் தானே உட்புகுகின்றது. கருவியோ காற்றை உள்ளே தள்ளுகின்றது. உண்ணுவதற்கும் ஊட்டப்படுவதற்கும் உள்ள வேறுபாடு அது. நான் வேண்டும்போது அது வருவதில்லை. வேண்டாதபோது வந்து நெஞ்சை நிரப்பும். அன்றியும், அக்குழாய் குரல்நாண்களின் நடுவே புகுந்து செல்கின்றது. அதன் அடியிலுள்ள சிறு பலூன் காற்று மேலே கசியாமல் அடைத்துவிடுகின்றது. ஆகவே காற்று மிடற்றிலே நிற்பதில்லை. நாவையும் இதழையும் அணுகுவதில்லை. பிறப்பியலின் படிகள் அனைத்தையும் தவிர்த்து அது போய்வருகின்றது. பன்னிரண்டாம் நாளிற் கழுத்தின் முன்புறத்திலே துளையிட்டு அதன் வழியே குழாயை மாற்றினார்கள். வாய் விடுதலை பெற்றது, குரல் பெறவில்லை. அத்துளையும் குரல்நாண்களுக்குக் கீழேயே இருந்தது.

கோப்பன்கேகன் நகரில்

இக்கருவிகளின் வரலாற்றைப் பின்னர் படித்தறிந்தேன். 1928இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே பிலிப் டிரிங்கர் என்பவர் ஆக்கிய இரும்புப் பெட்டியே முதலிற் பரவலாக வழங்கியது. இளம்பிள்ளைவாதத்தால் மூச்சிழந்தவரைக் கழுத்தளவும் அப்பெட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை மாற்றி மார்பை விரித்துச் சுருக்குவார்கள். 1952ஆம் ஆண்டு கோடையில் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்கேகனில் அந்நோய் கொள்ளையெனப் பரவியது. பிளெக்டம் வைத்தியசாலையில் அத்தகைய கருவிகள் சிலவே இருந்தன. முதல் மூன்று வாரங்களிற் கருவியில் வைக்கப்பட்ட 31 பேருள் 27 பேர் இறந்தனர். அப்பொழுது பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர், ஓகஸ்ட் 27ஆம் திகதி, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்திலே இடப்பட்ட துளைவழியே குழாய் வைத்து, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள்.

பின்னர் நடந்ததுதான் என் உள்ளத்தைத் தொட்டது. பை உண்டு, அழுத்துவதற்குக் கை வேண்டும். ஏறக்குறைய 1500 மாணவர்கள், மருத்துவமும் பல்மருத்துவமும் பயின்றவர்கள், முறைவைத்து இரவும் பகலும் கட்டிலருகே இருந்து பல மாதங்கள் பையை அழுத்தினார்கள். ஒருகாலத்தில் எழுபது நோயாளர் வரை அவர்கள் கைகளால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தனர். இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அடுத்த ஆண்டிலே இப்சன் அதே நகரின் வேறொரு வைத்தியசாலையில் நிறுவிய பிரிவே இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடி என்பர்.

அந்த மாணவர்கள் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தார்கள், விளையாட்டுக் காட்டினார்கள், காற்றுப் போதுமா, போதாதா என்பதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அறிந்தார்கள். மூச்சுத் தருபவனுக்கு ஒரு முகம் இருந்தது. பின்னர் இயந்திரம் அவ்வேலையை ஏற்றது. அதனை நான் குறைகூறேன். அதனாலேயே உயிரோடு இருக்கின்றேன். ஆயினும், கை போனபோது முகமும் உடன் போயிற்று என்பதையும் சொல்லவேண்டும்.

மயக்கம்

முதற் பத்து நாட்கள் தூக்க மருந்தின் வயப்பட்டிருந்தேன். விழிப்பும் கனவும் பிரியாத நிலை. பிரிவில் விளக்குகள் அணைவதில்லை. ஆதலால் இரவு பகல் தெரியவில்லை. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்திருந்தார்கள். முகங்கள் யாவும் புகைபடிந்த உருவங்களாகத் தெரிந்தன. கையை அசைக்க முயன்றேன், அசையவில்லை. நோயினால் அசையவில்லை என்பதை என் அறிவு மறந்துவிட்டது. கட்டப்பட்டிருக்கிறேன் என்றே கொண்டது.

அதன்மேல் ஒரு கதை தானே வளர்ந்தது. நான் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறேன். தாதியர் கடமை மாறுவது காவல் மாறுவது. கருவியின் அபாய ஒலி யாருக்கோ அனுப்பப்படும் சமிக்ஞை. கட்டிலின் கால்மாட்டிலே நின்று தாளில் எழுதுபவர் என் வாக்குமூலத்தை எழுதுகின்றார். இரவுக் கடமைக்கு வந்த தாதி தெற்கே பிறந்தவர்; தமிழ் சில சொற்களே அறிந்தவர். அவர் தம் தோழியரோடு சிங்களத்திலே மெல்லப் பேசுவது எனக்கெதிரான ஆலோசனையாகப் பட்டது. அவர் குழாயினுள்ளே மெல்லிய இன்னொரு குழாயைவிட்டுச் சளியை உறிஞ்சும்போது மூச்சு முழுதும் அற்றுப்போகும். நீரில் ஆழ்த்திக் கொல்கின்றார் என்றே நம்பினேன். இந்நாட்டிலே எங்கள் தலைமுறை எந்த அச்சங்களோடு வாழ்ந்ததோ, அவற்றையே என் மயக்கம் கருவியாக எடுத்துக்கொண்டது. நலமாயிருந்தபோது அவை என்னுள்ளே இத்தனை ஆழத்தில் இருக்கின்றன என்று நான் அறிந்திலேன்.

இதனிலும் கொடியது ஒன்றுண்டு. கழுத்திலே துளையிடுவதற்கு முன், என் மனைவியிடம் சம்மதப் பத்திரத்தில் ஒப்பம் வாங்கினார்கள். அரைக்கண்ணாற் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளாடை அணிந்த ஒருவர் தாளை நீட்டுகின்றார், அவள் ஒப்பமிடுகின்றாள், சற்று நேரத்தில் என்னைக் கொண்டுசெல்கின்றார்கள், விழிக்கும்போது கழுத்தில் வெட்டு. அவள் என்னை எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். கண்ணிமை ஒன்றே அப்பொழுது என் வசத்திலிருந்தது. மறுநாள் அவள் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அவள் போகும்வரை திறக்கவில்லை.

இஃது என் ஒருவனுடைய கோணல் அன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். இதனைச் சித்தக் குழப்பம் எனலாம், பைத்தியம் அன்று. கிருமித் தொற்று, காய்ச்சல், பிராணவாயுக் குறைவு, தூக்கமின்மை, சிலவகைத் தூக்க மருந்துகள் ஆகியவற்றால் மூளை தற்காலிகமாகத் தடுமாறும் நிலை அது. 2013இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், தீவிர சிகிச்சை பெற்ற 821 பேருள் நூற்றுக்கு 74 பேர் இதற்கு ஆளாயினர். குழம்பியவரெல்லாம் கூச்சலிடுவர் என்று எண்ணற்க. அசையாது, ஓசையின்றிக் குழம்பிக் கிடப்பவரே பெரும்பாலர். அமைதியாயிருக்கின்றார், நலமாயிருக்கின்றார் என்று எண்ணி அவரைக் கடந்து போய்விடுவார்கள். பேச முடியாதவரிடத்து இதனைக் கண்டறிய 2001இல் ஒரு சோதனை வகுத்தார்கள். சில எழுத்துக்களை ஒவ்வொன்றாக உச்சரித்து, குறித்த ஓர் எழுத்து வரும்போதெல்லாம் கையை அழுத்துமாறு நோயாளரைக் கேட்பதும் அதில் ஒரு பகுதி. அதே 2013ஆம் ஆண்டு ஆராய்ச்சி, ஓராண்டு கழிந்த பின்னரும் நால்வருள் ஒருவரின் நினைவும் சிந்தனையும் முதுமை மறதி நோயின் தொடக்கநிலையை ஒத்த அளவு தளர்ந்திருந்தன என்றும் காட்டியது. என் மாணவனின் தந்தையார் பெயர்களை மறந்து தடுமாறியதற்குக் காரணம் இதுவாயிருத்தல் கூடும்.

எழுத்தெண்ணிப் பேசுதல்

பதினேழாம் நாள் மட்டக்களப்பிலே ஆசிரியையாயிருக்கும் என் மகள் வந்தாள். முதற் காரியமாகக் கண்ணாடியை என் முகத்தில் மாட்டினாள். அவளுடைய முகம் முகமாகத் தெரிந்தது. பிரிவில் ஆங்கில எழுத்துப் பலகை ஒன்று இருந்தது. அதனை முன்னரே எனக்குக் காட்டியிருந்தார்கள். கண்ணாடியில்லாத கண்ணுக்கு அதனாற் பயன் விளையவில்லை. தமிழுக்கு 247 எழுத்துக்கள். அவற்றை ஒரு பலகையில் எழுதிக் காட்டி முடியுமோ? மகள் சற்று யோசித்துவிட்டு, சிறுவயதில் நான் அவளுக்கு ஓதுவித்த முறையையே கையாண்டாள்.

"அப்பா, ஓமெண்டால் ஒருக்காக் கண்ணை மூடித் திறவுங்கோ. உயிரோ?"

கண்ணை மூடித் திறந்தேன்.

"குறிலோ?" ஆம். பின்னர் ஒவ்வொரு குறிலாகச் சொன்னாள். எகரத்தில் நிறுத்தினேன். அடுத்த எழுத்து: உயிரன்று, மெய். வல்லினமன்று, மெல்லினம். மெல்லினத்தின் முதலெழுத்தே. அதற்கடுத்தது உயிர்மெய்; வல்லினத்தின் முதலெழுத்து; நெடில்; ஏகாரம். எவ்வளவு கூடினும் ஓர் எழுத்துக்கு இருபத்தொரு வினாக்கள். பெரும்பாலும் பத்துக்கு மேற் செல்லவில்லை. உயிர், மெய், உயிர்மெய், வல்லினம், மெல்லினம், இடையினம், குறில், நெடில் என்று முன்னோர் வகுத்தது மனனம் செய்தற்கு எளிதாகவே என்று கருதியிருந்தேன். மூன்றெழுத்துச் சேர்ந்தபோது மகள் வாய்விட்டு வாசித்தாள்: "எங்கே".

"எங்க இருக்கிறியள் எண்டோ கேக்கிறியள்?" என்றவள், வைத்தியசாலையின் பெயரையும், ஊரையும், திகதியையும், நோயின் பெயரையும் சொன்னாள். கை அசையாதது நோயினால் என்றும், கட்டவில்லை என்றும், நரம்பு மெல்ல மெல்லத் தேறும் என்றும் சொன்னாள். அதுவரை என்னைக் கேட்டவர்கள் நோகின்றதா, தண்ணீர் வேண்டுமா என்றே கேட்டார்கள். அவர்களிற் பிழையில்லை. நான் கேட்க விரும்பியது இன்னதென்று அவர்கள் எவ்வாறு அறிவர்? தடுப்புக்காவற் கதை அன்றே முற்றும் கலைந்துவிடவில்லை. ஆனால் அதற்கு எதிர்க்கதை ஒன்று கிடைத்துவிட்டது.

அன்றிரவு அந்தத் தாதி வந்தார். "ஐயா, சளி எடுக்கிறது. கொஞ்சம் கஷ்டம். பயம் வேண்டாம்" என்று சொல்லி, என் நெற்றியிற் கை வைத்துவிட்டே தொடங்கினார். மகள் என்னிடம் கேட்டறிந்து கொப்பியில் எழுதியிருந்ததைப் பார்க்கும்போது, அவர் முதல்நாள் தொட்டே ஒவ்வொரு முறையும் அவ்வாறு சொல்லித்தான் செய்தார் என்று தெரிகின்றது. நான் கேட்க முடிந்தது அன்றுதான்.

இருபத்தைந்தாம் நாள் அளவிலிருந்து கருவியை விட்டு என்னைப் பழக்கினார்கள். முதலில் ஐந்து நிமிடம், பின் கால்மணி, பின் அரைமணி. எந்த இயந்திரத்தை வெறுத்தேனோ அதனைக் கழற்றும்போது உடல் வியர்த்தது. என் மார்பை நானே நம்பவில்லை. நடக்கப் பழகும் பிள்ளைக்கு விழுவோம் என்ற நினைவில்லை; மூச்சுவிடப் பழகும் முதியவனுக்கு அது முழுதும் உண்டு. கருவியிலிருந்து பிரிந்தபின் கழுத்துக் குழாயிலே சிறியதொரு தடுக்கிதழைப் பொருத்தினார்கள். உள்ளே போகும் காற்றை அது விடும். வெளியே வருங் காற்றைத் தடுத்துக் குரல்வழியே அனுப்பும். 1980களில் டேவிட் மியூயர் என்னும் அமெரிக்க இளைஞர், தசைத்தேய்வு நோயினால் தாமே கருவியோடு கிடந்து, தாமே பேசவேண்டிக் கண்டுபிடித்தது அவ்வகைத் தடுக்கிதழ். கரகரத்த ஒலியொன்று என் வாயிலிருந்து வந்தபோது, அது அகரமாக இருந்தது. வாயைத் திறந்த அளவிலே பிறக்கும் எழுத்து அதுவே என்று எத்தனையோ முறை வகுப்பிலே சொல்லியிருக்கின்றேன்.

கொப்பி

நான் கிடந்த நாட்களில் மனைவி ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருந்தாள். மருந்துச் செலவு எழுதத் தொடங்கியது அது. நாளடைவில் அன்றன்று நடந்ததையும் எழுதினாள். மகளும் எழுதினாள். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் தாதியரும் உறவினரும் நோயாளருக்காக இத்தகைய நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டு. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆறு நாடுகளைச் சேர்ந்த 352 நோயாளர் இடம்பெற்றனர். நோய் நீங்கிய பின்னரும் பழைய அச்சம் கனவாகவும் நினைவாகவும் வந்து வருத்தும் துயர்நிலை, உரிய காலத்தில் நாட்குறிப்பைப் பெற்றவருள் நூற்றுக்கு 5 பேருக்கே புதிதாகத் தோன்றியது. பெறாதவருள் 13 பேருக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் இதனை எவரும் அறிந்து செய்யவில்லை.

வீடு வந்து நெடுநாள் அதனை நான் திறக்கவில்லை. திறந்த நாளில், என் கதையில் இருந்த ஒவ்வொன்றுக்கும் அதிலே வேறொரு விளக்கம் இருந்தது. வாக்குமூலம் எழுதியவர் மணிக்கொருமுறை நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் எழுதியவர். பதின்மூன்றாம் நாளின் கீழே மனைவியின் கையெழுத்தில் ஒரே வரி: "இண்டைக்கு இவர் என்னைக் கண்டதும் கண்ணை மூடிப்போட்டார்." பதினான்காம் நாளின் கீழும் அதுவே. பதினைந்தாம் நாளின் கீழ் ஒன்றும் எழுதப்படவில்லை.

அதுபற்றி அவள் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. சம்மதப் பத்திரத்தைக் கண்டதையும், நான் எண்ணியதையும் அன்று மாலை அவளிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். "அண்டைக்குக் கையெழுத்து வைக்க என்ர கை நடுங்கினது உங்களுக்குத் தெரியேல்லை" என்றாள். பின், "அதை விடுங்கோ. பிறகு கண்ணைத் திறந்தனீங்கள்தானே, அது காணும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஆண்டில் தடியூன்றி நடக்கத் தொடங்கியதும் அந்த வைத்தியசாலைக்குச் சென்று தாதியைக் கண்டேன். உம்மைக் கொலைஞர் என்று எண்ணியிருந்தேன் என்பதை மகளைக்கொண்டு சிங்களத்திற் சொல்லுவித்தேன். அவர் சிரித்தார். பலரும் அப்படித்தான் எண்ணுகின்றார்கள் என்றும், திரும்பி வந்து சொல்பவர்கள் சிலரே என்றும் சொன்னார்.

2020இலும் அதன்பின்னும் கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்தில் உலகெங்கும் எத்தனையோ பேர் இக்கருவிகளோடு கிடந்தார்கள். கண்கள் தவிர ஏனையவெல்லாம் மறைத்த உருவங்களே அவர்களைச் சுற்றி நின்றன. உறவினர் அணுகுதற்குப் பல இடங்களில் இடமளிக்கப்படவில்லை. அவர்கள் உள்ளத்தில் என்னென்ன கதைகள் வளர்ந்தனவோ! மீண்டு வந்தவர் எவரேனும் உங்கள் வீட்டிலிருப்பாராயின், அவர் விசித்திரமாக எதனையும் சொன்னால் நகைக்காதீர்கள். மறுத்து வாதிடவும் வேண்டா. இருந்து கேளுங்கள்.

கருவியோடு கிடக்கும் ஒருவரைக் காணச் செல்லும் அன்பர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றேன். அவர் கேளார் என்று எண்ணிக் கட்டிலருகே நின்று அவரைப்பற்றிப் பிறரோடு பேசற்க. அவருடைய கண்ணாடியையும் காதுக்கருவியையும், வைத்தியர் அனுமதித்தால், அவருக்கு அணிவித்துவிடுங்கள். சென்றவுடன் உங்கள் பெயரையும், அவரிருக்கும் இடத்தையும், அன்றைய திகதியையும் சொல்லுங்கள். நேற்றுச் சொன்னோமே என்று விட்டுவிடாது நாள்தோறும் சொல்லுங்கள். ஆம், இல்லை என்பதற்கு ஒரு குறி வகுத்துக்கொண்டு, உயிரோ மெய்யோ என்று கேட்டுப் பாருங்கள். பதினைந்து சதத்துக்கு வாங்கிய காலம் போய்விட்டாலும், அப்பியாசக் கொப்பி இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒன்று வாங்கி, அன்றன்று வந்தவர் பெயரையும் நடந்ததையும் இரண்டு வரி எழுதி வையுங்கள். அவர் எழுந்தபின் அது அவருக்குத் தேவைப்படும்.